எதிரணியை விட்டுவிட்டுச் சொந்த அணியைத் திட்டுவது ஏன்?

கேள்வி சுருக்கமாக இது: "பல வருடங்களாக ஒரே ஆன்லைன் விளையாட்டில் இருக்கிறேன். தொடக்கத்தில் முன்பின் தெரியாதவர்கள்கூட நின்று சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது ஒரு தவறு செய்தால் போதும், வசை விழுகிறது. போட்டி கூடக்கூட இப்படித்தான் ஆகுமா? இதைத் திருப்ப வழி உண்டா?"

இதற்கு வழக்கமாக இரண்டு பதில்கள் வரும். கூட்டம் சேர்ந்தால் குப்பையும் சேரும் என்பது ஒன்று. போட்டி என்று வந்துவிட்டால் நட்புக்கு இடமில்லை என்பது மற்றொன்று. இரண்டையும் நான் ஏற்கவில்லை. பல ஆண்டுகளாக இப்படிப்பட்ட குழுக்களில் இருக்கிறேன், சிலவற்றை நடத்தியும் இருக்கிறேன். கடுமையாகப் போட்டியிட்டுக்கொண்டே ஒருவரையொருவர் தாங்கிப் பிடிக்கும் குழுக்களையும் பார்த்திருக்கிறேன், பரிசே இல்லாத ஆட்டத்தில் ஒருவரையொருவர் கடித்துக் குதறும் குழுக்களையும் பார்த்திருக்கிறேன். எனவே போட்டி இருக்கிறதா இல்லையா என்பதைவிட, அது எப்படிக் கட்டமைக்கப்பட்டிருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில், வசை யார்மேல் விழுகிறது என்று பாருங்கள். ஐந்து பேர் ஐந்து பேரோடு மோதும் ஆட்டத்தில் உங்களைத் தோற்கடிக்க முழுமூச்சாக முயல்பவர்கள் எதிரணியினர். அவர்களோடும் சீண்டல் உண்டு. ஆனால் ஒருவரை ஆட்டத்தை விட்டே ஓடவைக்கும் வசை பெரும்பாலும் சொந்த அணியிலிருந்துதான் வருகிறது. போட்டி பகையை வளர்க்கிறது என்பது மட்டுமே காரணமாக இருந்தால், இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

சமூக உளவியலாளர் முஸாஃபர் ஷெரீஃபும் அவருடைய குழுவினரும் 1954-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ஒரு கோடைக்கால முகாமில் செய்த சோதனை பிரபலமானது. பதினொன்று, பன்னிரண்டு வயதுள்ள 22 சிறுவர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்து, பரிசு அறிவித்துப் போட்டிகள் வைத்தார்கள். சில நாட்களிலேயே ஒரு குழு மற்றதன் கொடியை எரித்தது, ஒருவர் அறையில் மற்றவர் புகுந்து சூறையாடினார்கள். பிறகு, இரு தரப்பும் கைகோத்தால் மட்டுமே முடியும் என்ற வேலைகளை, உதாரணமாகத் தடைப்பட்ட தண்ணீர்க் குழாயைச் சரிசெய்வதை, அவர்களிடம் கொடுத்தபோது பகை தணிந்தது. அந்தச் சோதனையைப் பற்றிப் பின்னாளில் பல விமர்சனங்கள் எழுந்தன. இருந்தாலும் நமக்கு வேண்டிய செய்தி அதில் இருக்கிறது: போட்டி முற்றியபோது பகை எதிர்க் குழுவின்மேல் போனது, சொந்தக் குழுவுக்குள் ஒற்றுமை இறுகியது. வெளியே எதிரி இருந்தால் உள்ளே கூடுவார்கள் என்பது மனிதர்களிடம் எங்கும் காணும் வழக்கம்.

வெற்றி தோல்விக்கேற்ப ஆட்டக்காரரின் தரவரிசை ஏறி இறங்கும் ரேங்க் ஆட்டத்தில் அந்த வழக்கம் முறிந்துபோகிறது. ஏனென்றால் அங்கே 'உள்ளே' என்று ஒன்று இல்லை. இரண்டு நிமிடங்களுக்கு முன் கணினி பொறுக்கியெடுத்த ஐந்து அந்நியர்கள் அரைமணி நேரம் ஒரே நிறச் சட்டை அணிகிறார்கள், அவ்வளவுதான். அந்த ஐவரில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஓர் எண் இருக்கிறது. அணி தோற்றால் அந்த எண் இறங்கும்.

இந்த எண் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் கற்பித்த அர்பாட் எலோ சதுரங்கத்துக்காக உருவாக்கிய தரவரிசை முறையை அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960-இலும், உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 1970-இலும் ஏற்றன. உங்களைவிட வலியவரை வென்றால் நிறையப் புள்ளி ஏறும், எளியவரிடம் தோற்றால் நிறைய இறங்கும். அழகான, நேர்மையான கணக்கு. ஆனால் அது ஒருவருக்கு ஒருவர் ஆடும் ஆட்டத்துக்கான கணக்கு. சதுரங்கத்தில் தோற்றால் தோற்றது நீங்கள்தான், குறை சொல்ல வேறு யாரும் பலகைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கவில்லை.

2000-களின் நடுவில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் ட்ரூஸ்கில் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். அணியாக ஆடி வரும் முடிவுகளிலிருந்து தனி ஆளின் திறமையைக் கணிப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. கணக்கு முறையில் அதில் பிழை இல்லை. நீங்கள் பல ஆட்டங்கள் ஆடினால், உங்களுக்குக் கிடைத்த நல்ல கூட்டாளிகளும் மோசமான கூட்டாளிகளும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிட, மிஞ்சுவது உங்கள் திறமை. ஆனால் யாரும் நூறு ஆட்டங்களின் சராசரியை உணர்வதில்லை. இன்று இரவு, இந்த ஆட்டத்தில், இந்த ஆள் தேவையில்லாமல் முன்னால் ஓடிச் செத்தான், என் எண் இறங்கியது என்பதைத்தான் உணர்கிறார்கள்.

இதோடு இன்னொன்று சேர்கிறது. ஆள் சேர்க்கும் முறை நன்றாக வேலை செய்தால், சமபலம் உள்ளவர்களையே மோதவிடும். சமபலம் என்றால் ஏறத்தாழப் பாதி ஆட்டங்களில் தோல்வி. நீங்கள் முன்னேற முன்னேற எதிரிகளும் வலுத்துக்கொண்டே போவார்கள், எனவே அந்தப் பாதி உங்களை விட்டுப் போகவே போகாது. தான் வளர்கிறோம் என்று நம்பும் ஒருவருக்கு, இரண்டில் ஒரு முறை தோற்பதற்குக் காரணம் தேவைப்படுகிறது. கைக்கெட்டிய காரணம் பக்கத்தில் நிற்பவர்.

ஆடத் தெரியாதவன் மேடை கோணல் என்றானாம் என்று பழமொழி சொல்கிறது. இங்கே சிக்கல் என்னவென்றால், மேடை பல நேரங்களில் உண்மையிலேயே கோணலாகத்தான் இருக்கிறது. கூட்டாளி உண்மையாகவே தவறு செய்திருப்பார், அதை நீங்கள் கண்ணால் பார்த்திருப்பீர்கள். நீங்கள் செய்த தவறு உங்கள் கண்ணில் படாது, அது நடந்தபோது உங்கள் பார்வை வேறெங்கோ இருந்தது. ஐந்து பேரும் மற்ற நால்வரின் பிழைகளுக்கு மட்டும் சாட்சியாக நிற்கும் இடம் இது. ஒவ்வொருவர் கையிலும் உண்மையான ஆதாரம் இருக்கிறது. அதனால்தான் இந்தச் சண்டைகள் அவ்வளவு நிச்சயத்தோடு நடக்கின்றன.

வெளியேறவும் முடியாது. பாதியில் விட்டுப்போனால் அபராதம் உண்டு. சரணடைய வேண்டுமென்றால் குறிப்பிட்ட நிமிடம் கடக்க வேண்டும், அணியில் போதுமானவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். தோல்வி உறுதியான பிறகும் இருபது நிமிடம், அதற்குக் காரணம் என்று நீங்கள் நம்பும் ஆளோடு ஒரே அறையில் பூட்டப்பட்டிருக்கிறீர்கள். கையில் ஒரு கீபோர்டு இருக்கிறது.

எண் இல்லாத காலத்தில் இதே ஆட்டக்காரர்கள் எப்படி இருந்தார்கள்? அணியாக ஆடும் துப்பாக்கி விளையாட்டான கவுன்டர் ஸ்ட்ரைக் 1999-இல் வேறொரு விளையாட்டின் மேல் ரசிகர்கள் செய்த மாற்றமாகத்தான் பிறந்தது. அப்போது ஆட வேண்டுமென்றால் சர்வர் பட்டியலைத் திறந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தச் சர்வர் யாரோ ஒருவர் சொந்தச் செலவில் நடத்துவது. வரவேற்புச் செய்தியில் அவருடைய விதிகள் இருக்கும். இணைப்பு வேகம் நன்றாக இருக்கும் சர்வர்கள் உங்களுக்குச் சிலவே கிடைக்கும் என்பதால், அவற்றுக்கே தினமும் போவீர்கள், அதே பெயர்களைப் பார்ப்பீர்கள். ஒருவர் அத்துமீறினால், அங்கேயே ஆடிக்கொண்டிருக்கும் நிர்வாகி அவரை வெளியேற்றுவார். அணிகள் ஏறுமாறாக இருந்தால் யாராவது பக்கம் மாறிக்கொள்வார்கள். தோற்றால் அடுத்த வரைபடம் தொடங்கும், எதுவும் உங்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டு வராது.

அங்கேயும் வசை இருந்தது. கொடிய வசைகூட இருந்தது, அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வசைபாடியவர் நாளைக்கும் அங்கேயே வந்தாக வேண்டும். ஒத்துழைப்பு எப்படி உருவாகிறது என்று ஆராய்ந்த அரசியல் அறிவியலாளர் ராபர்ட் ஆக்ஸல்ராட் இதைத்தான் அழுத்திச் சொன்னார்: திரும்பத் திரும்பச் சந்திக்கப் போகிறோம் என்று தெரிந்தால் சுயநலக்காரர்கள்கூட ஒத்துழைப்பார்கள், இனிச் சந்திக்கவே மாட்டோம் என்றால் அந்தக் கட்டு அறுந்துவிடும்.

2004-இல் ஹேலோ 2 என்ற துப்பாக்கி விளையாட்டு வந்தது. பட்டனை அழுத்து, உனக்கேற்ற எதிரிகளை நாங்களே கண்டுபிடித்துத் தருகிறோம் என்ற முறையை அது பெருவாரியான மக்களிடம் கொண்டுசென்றது. வசதி என்று பார்த்தால் ஒப்பில்லாதது. அதற்குக் கொடுத்த விலை, அடுத்த ஆட்டத்தில் ஒரு முகமும் தெரிந்த முகமாக இருக்காது என்பது.

டீம் ஃபோர்ட்ரெஸ் 2 என்ற துப்பாக்கி விளையாட்டை ஆடியவர்களுக்கு இது மிக நன்றாகத் தெரியும். 2014-இல் அதில் காங்கா என்ற நடன அசைவு சேர்க்கப்பட்டது. ஒருவர் தொடங்கினால் பக்கத்தில் இருப்பவர் சேர்ந்துகொள்ளலாம், எதிரணிக்காரரும் சேர்ந்துகொள்ளலாம். கொன்று குவித்துக்கொண்டிருந்த இரண்டு அணிகளும் நடுவழியில் துப்பாக்கியை மறந்து வரிசையாக ஆடிக்கொண்டு போகும் காட்சியைப் பார்த்துவிட்டு அந்த விளையாட்டை நேசிக்காமல் இருப்பது கடினம். 2016 ஜூலையில் அதே விளையாட்டில் போட்டிப் பிரிவும், சாதாரண ஆட்டத்துக்கும் ஆள் சேர்க்கும் முறையும் வந்தன. ரசிகர்கள் கொதித்தார்கள். அவர்களில் பலர் புலம்பியது விதிகளைப் பற்றி அல்ல. நினைத்தபோது நுழைந்து, நினைத்தபோது பக்கம் மாறி, வேண்டாதபோது கிளம்பி, வீணாக நேரம் போக்கும் சுதந்திரம் போனதைப் பற்றித்தான். அந்த வீண் நேரத்தில்தான் நட்பு முளைத்தது. போட்டி வடிவம் முதலில் வெட்டி எறிவது அதைத்தான்.

நண்பர்களாக ஆன ஒவ்வொருவரோடும் எப்படிப் பழக்கமானீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். யாருக்காகவோ காத்திருந்தபோது, வழி தவறியபோது, எல்லாரும் செத்துப் போய்ச் சிரித்தபோது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே கற்பனை உலகில் சேர்ந்து ஆடும் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2004-இல் வந்தபோது டெட்மைன்ஸ் என்ற சுரங்கத்துக்குப் போக ஐந்து பேர் வேண்டும். ஊர்ச் சதுக்கத்தில் நின்று ஆள் கேட்க வேண்டும். ஆள் சேர்ந்த பிறகு ஒவ்வொருவரும் நடந்து வந்து சேர வேண்டும். ஒருவர் வழியில் அடிபட்டுச் செத்தால் மற்ற நால்வரும் வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். உள்ளே யாராவது அனைவருக்கும் பொதுவான பொருளைச் சுருட்டிக்கொண்டு ஓடினால், அன்று மாலைக்குள் அந்தச் சர்வர் முழுவதும் அவர் பெயர் நாறும். நல்ல டேங்க், அதாவது முன்னால் நின்று எதிரியின் அடியைத் தாங்குபவர், என்று பெயரெடுத்தவரைத் தேடி ஆட்கள் வருவார்கள். பெயர் என்பது அங்கே சொத்து.

2009 டிசம்பரில் அதே விளையாட்டில் டஞ்சன் ஃபைண்டர் வந்தது. வேறு வேறு சர்வர்களிலிருந்து ஐந்து பேரைத் தானே சேர்த்து, நேராகச் சுரங்கத்துக்குள் இறக்கிவிட்டது. நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டுமே கிடைக்கும் பலருக்கு இது பெரும் உதவி, அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் பிறகு ஒரு வார்த்தைகூடப் பேசாமல் சுரங்கம் முடிந்து ஐந்து பேரும் மறைவது இயல்பாகிவிட்டது. யாராவது வாய் திறந்தால் அது பெரும்பாலும் குறை சொல்லத்தான்.

இதுவரை சொன்னது அமைப்பைப் பற்றி. அமைப்பை மட்டும் பழையபடி மாற்றினால் நட்பு திரும்புமா? அதற்கும் ஒரு பெரிய சோதனை நடந்தது. 2019-இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டை நடத்தும் நிறுவனமே அதன் பழைய வடிவத்தை, டஞ்சன் ஃபைண்டர் இல்லாமல், மறுபடி வெளியிட்டது. லட்சக்கணக்கானவர்கள் ஏக்கத்தோடு ஓடினார்கள். தொடக்க வாரங்கள் அருமையாக இருந்தன, சாலையில் போகிறவர்கள் நின்று உதவினார்கள். ஆனால் 2005-இல் முடிக்க மாதக்கணக்கில் ஆன மோல்ட்டன் கோர் என்ற பெருஞ்சவாலை, இந்த முறை ஒரு குழு ஒரு வாரத்துக்குள் முடித்துவிட்டது. பதினைந்து ஆண்டுகளாகச் சேர்ந்த அறிவு கையில் இருந்ததே காரணம். அதன் பிறகு நடந்தது எனக்கு இன்றும் வருத்தம் தருவது. உலகில் அங்கங்கே கிடைக்கும் தற்காலிக வலுவூட்டல்களை எல்லாம் சேகரித்துக்கொண்டு, அவை வீணாகிவிடாமல் இருக்க, குழு ஆட்ட நாள் வரும்வரை தாங்கள் ஆடும் கதாபாத்திரத்தை விட்டு வெளியேறிப் பூட்டி வைத்தார்கள். நன்றாக ஆடுவதற்காக ஆடாமல் இருந்தார்கள். அப்படிச் செய்யாதவர்களைப் பல குழுக்கள் சேர்த்துக்கொள்ளவில்லை.

ஆக, தனித்தனி எண்ணும், திரும்பச் சந்திக்காத அந்நியர்களும் முதல் இரண்டு காரணங்கள் என்றால், மூன்றாவது காரணம் அறிவு. ஒரு விளையாட்டு புதிதாக இருக்கும்போது யாருக்கும் எதுவும் தெரியாது. அப்போது புதியவர் கேட்கும் கேள்வி எல்லாருடைய கேள்வி. பதில் சொல்பவரும் சொல்லும்போதே கற்றுக்கொள்கிறார். விளையாட்டு முதிர்ந்த பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் எங்கோ ஒரு வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது. எது சிறந்த ஆயுதம், எந்த வரிசையில் திறன்களைப் பயன்படுத்த வேண்டும், எல்லாம் கணக்கிட்டு முடிந்தாயிற்று. இப்போது அதே கேள்வி குற்றமாகிறது: படிக்காமல் ஏன் வந்தாய்? அறியாமை என்று பார்க்கப்பட்டது அலட்சியம் என்று பார்க்கப்படுகிறது. உங்களுக்குத் தொடக்கத்தில் சொல்லிக்கொடுத்தவர்களும் இன்று வசைபாடுபவர்களும் பல நேரங்களில் ஒரே ஆட்கள்தான் என்பதை மறக்க வேண்டாம். அன்று அவர்களுக்கு உங்களால் செலவு எதுவும் இல்லை.

குழுவுக்கு ஆள் எடுக்கும் ஒருவரின் திரையைப் பாருங்கள். மூன்று இடங்கள் காலி. முப்பது பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் கவசங்களின் தரம், முந்தைய ஆட்டங்களின் மதிப்பெண். அவரிடம் இருப்பதும் ஒரு மணி நேரம்தான், கூட இருக்கும் இருவர் சீக்கிரம் என்கிறார்கள். மேலிருந்து மூன்று எண்களைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போகிறார். அதில் கொடுமை எதுவும் இல்லை, அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதையே செய்வார்கள். ஆனால் பட்டியலின் அடியில் இருப்பவருக்கு அன்று மாலை முழுக்க நிராகரிப்பு. எண் உயர வேண்டுமென்றால் ஆட வேண்டும், ஆட வேண்டுமென்றால் எண் வேண்டும். எப்படியோ முட்டி மோதி மேலே வந்த பிறகு அவரும் மேலிருந்து மூன்று எண்களைத்தான் எடுக்கிறார்.

எண்கள் எதை அளக்கின்றன என்பதும் முக்கியம். நான் இருந்த ஒரு குழுவில் ஒரு டேங்க் இருந்தார். புதியவர்களுக்காக ஆட்டத்தை நிறுத்தி, பெரிய எதிரி எந்தப் பக்கம் திரும்பும், நெருப்பு எங்கே விழும் என்று பொறுமையாகச் சொல்வார். யாராவது தவறான இடத்தில் மாட்டிக்கொண்டால் தன் வேலையை விட்டு ஓடிப் போய்க் காப்பாற்றுவார். ஒரு கட்டத்தில், ஒவ்வொரு சண்டை முடிந்ததும் யார் எவ்வளவு அடித்தார்கள் என்ற பட்டியலைக் குழுத் தலைவர் சாட்டில் ஒட்டத் தொடங்கினார். முன்னேற வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். அந்தப் பட்டியலில் காப்பாற்றியதற்கு ஒரு பத்தி இல்லை. டேங்கின் பெயர் எப்போதும் அடியில் இருந்தது. யாரும் அவரை ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் சில வாரங்களில் மற்றவர்கள் காப்பாற்ற ஓடுவதை நிறுத்தினார்கள். ஓடினால் தங்கள் எண் குறையும். பிறகு அவரும் வருவதைக் குறைத்துக்கொண்டார். உதவி செய்வதற்கு யாரும் தடை போடவில்லை. அது கணக்கில் இல்லாமல் போனதே போதுமானதாக இருந்தது.

பணமும் புகழும் இதில் தம் பங்கைச் செய்கின்றன, ஆனால் பலர் நினைக்கும் விதத்தில் அல்ல. ஐவர் அணிகள் மோதும் டோட்டா 2 விளையாட்டின் உலகப் போட்டி 2011-இல் தொடங்கியபோது முதற்பரிசு 10 லட்சம் டாலர், 2021-இல் மொத்தப் பரிசுத் தொகை 4 கோடி டாலர். பரிசுக்காக ஆடுபவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் அவர்களைப் பார்த்து அவர்கள் முறையைப் பின்பற்றுகிறார்கள். தொழில்முறை அணியின் கண்டிப்பைக் கடன் வாங்குகிறார்கள், ஆனால் அந்த அணிக்குப் பின்னால் உள்ள மாதக்கணக்கான கூட்டுப் பயிற்சி, பயிற்சியாளர், ஒருவரையொருவர் அறிந்திருப்பது, இதெல்லாம் அவர்களிடம் இல்லை. இரண்டு நிமிடப் பழக்கத்தில் உலகக் கோப்பைக் கண்டிப்பு என்றால் அது வசையாகத்தான் வெளிப்படும்.

கெட்டவர்களை வெளியேற்றினால் போதாதா என்று கேட்பீர்கள். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் விளையாட்டை நடத்தும் ரயட் நிறுவனம் இதை ஆராய்ந்தது. எப்போதும் மோசமாக நடந்துகொள்பவர்கள் ஏறத்தாழ 1 சதவீதம். ஆனால் மொத்த வசையில் அவர்கள் பங்கு 5 சதவீதம் அளவுக்குத்தான். மீதியில் பெரும்பகுதி, மற்ற நாட்களில் ஒழுங்காக இருக்கும் சாதாரண ஆட்டக்காரர்கள் ஏதோ ஒரு மோசமான நாளில் கொட்டுவது. இதை முதலில் படித்தபோது எனக்கு உண்டானது நிம்மதி. நம் சமூகம் கெட்டவர்களால் நிறைந்துவிடவில்லை. எதிரணியோடு எழுத்தில் பேசும் 'சாட்' வசதியை அதே நிறுவனம் தானாக அணைந்திருக்குமாறு மாற்றிப் பார்த்தது. வேண்டுமென்பவர்கள் அமைப்புகளுக்குள் போய் இயக்கிக்கொள்ளலாம். சாட்டைப் பயன்படுத்தும் அளவு ஏறத்தாழ அப்படியே இருந்தது, கெட்ட பேச்சு மட்டும் 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. கோபத்துக்கும் விரலுக்கும் நடுவே ஒரு சின்னப் படி வைத்ததற்கே அவ்வளவு பலன்.

வசை எல்லார்மேலும் சமமாக விழுவதில்லை என்பதையும் சொல்லாமல் விட முடியாது. குரல் வழியே பேசும் ஆட்டங்களில் பெண்கள் மைக்கை அணைத்துவிட்டு ஆடுவது பரவலான பழக்கமாகிவிட்டது, காரணம் எல்லாருக்கும் தெரியும். ஹேலோ 3 ஆட்டத்தை வைத்து 2015-இல் வெளியான ஆய்வு ஒன்று, சிறிய அளவிலானதுதான் என்றாலும், யோசிக்க வைப்பது. பெண் குரல் கேட்டதும் கடுகடுத்தவர்கள் பெரும்பாலும் திறமை குறைந்த ஆண்கள். நன்றாக ஆடியவர்கள் கனிவாகவே பேசினார்கள். தங்கள் இடம் பறிபோகும் என்ற பயம் உள்ளவர்களிடமிருந்துதான் பகை வருகிறது. ஒவ்வொருவருக்கும் ஏணியில் ஓர் இடத்தைக் கொடுத்து, அது எந்நேரமும் நழுவலாம் என்று காட்டிக்கொண்டே இருக்கும் அமைப்பு அந்தப் பயத்தை எத்தனை பேருக்கு ஊட்டுகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

இனி, போட்டி கடுமையாக இருந்தும் நட்பு கெடாத இடங்களுக்கு வருகிறேன். ஒருவருக்கு ஒருவர் மோதும் சண்டை விளையாட்டுகளின் சமூகங்களில், தோற்றவர் வென்றவரிடமே போய் "அந்த அடியை நான் எப்படித் தடுத்திருக்கலாம்?" என்று கேட்பதும், அவர் செய்துகாட்டுவதும் சாதாரணம். வாய்ச்சவடால் நிறைய உண்டு, சில்லறைச் சண்டையும் உண்டு. ஆனால் அங்கே எதிரி ஓர் அரிய பொருள். நல்ல எதிரி இல்லாமல் யாரும் தேற முடியாது, எனவே அவரை வளர்த்துவிடுவது உங்கள் நலனிலேயே இருக்கிறது. சதுரங்கத்தில் ஆட்டம் முடிந்ததும் இருவரும் சேர்ந்து காய்களைத் திரும்ப நகர்த்தி எங்கே பிழைத்தது என்று பார்ப்பதும் இதே வகைதான்.

ஸ்பீட்ரன் உலகம் இன்னும் வியப்பானது. ஒரு விளையாட்டை மிகக் குறைந்த நேரத்தில் முடிப்பது யார் என்ற போட்டி. பட்டியல் பொதுவில் இருக்கிறது, நொடியின் பின்னங்களுக்காக ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார்கள். இருந்தும் ஒருவர் புதிய குறுக்குவழி கண்டுபிடித்தால் அதைப் போட்டியாளர்களிடமே விளக்கிச் சொல்லும் பழக்கம் பரவலாக உண்டு. 2010 முதல் கேம்ஸ் டன் குயிக் என்ற பெயரில் இவர்கள் ஒன்றுகூடி நற்பணிகளுக்கு நிதி திரட்டி வருகிறார்கள். ஒருவர் ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்து விளக்குபவர் பெரும்பாலும் அதே ஆட்டத்தில் அவருடைய போட்டியாளர்.

இந்த இடங்களில் தோல்வி தோற்றவருக்கே சொந்தம். ஆட்கள் மறுபடி மறுபடி சந்திக்கிறார்கள். மற்றவருடைய அறிவு உங்களுக்கு உதவுகிறது. அந்நியர்களோடு ஆடும் ரேங்க் ஆட்டத்தில் இந்த மூன்றும் இல்லை. போட்டி இரண்டிலும் ஒன்றுதான்.

எனவே நீங்கள் செய்யக்கூடியது என்ன? முழுச் சமூகத்தையும் பழையபடி ஆக்கும் முயற்சியை விட்டுவிடுங்கள். அதில் ஒரு பகுதி விளையாட்டின் புதுமையிலிருந்து வந்தது, புதுமை திரும்பாது. இருபது முப்பது பேர் கொண்ட வட்டத்தைக் குறிவையுங்கள். ஒருவர் நன்றாக நடந்துகொண்டால் ஆட்டம் முடிந்த திரையிலேயே நட்பு அழைப்பு அனுப்புங்கள், அந்தத் திரை மறைந்தால் அவர் போய்விடுவார். இதைக் கூச்சப்படாமல் செய்பவர்களைச் சுற்றித்தான் குழுக்கள் உருவாகின்றன. எதிரணியில் இருந்தவருக்கும் அனுப்புங்கள். பாராட்டும்போது 'நல்ல ஆட்டம்' என்ற வெறும் சொல்லை விட்டு, "மூன்றாவது சண்டையில் நீங்கள் திரும்பி வந்ததால்தான் பிழைத்தேன்" என்று நடந்ததைச் சொல்லுங்கள். பட்டியலில் ஏறாத உதவிக்கு அதுதான் சாட்சி.

ஆட்டம் நடக்கும்போது நடந்து முடிந்ததைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். அடுத்து என்ன செய்யலாம் என்பது மட்டும் போதும். "ஏன் அங்கே போனாய்?" என்ற கேள்வி எவ்வளவு மென்மையாகக் கேட்டாலும் அந்த நேரத்தில் குற்றச்சாட்டுத்தான். அதே கேள்வியை முடிந்த பிறகு, பதிவை ஒன்றாகப் பார்த்துக்கொண்டே கேட்டால் பாடம். முதலில் உங்கள் பிழை ஒன்றை எடுத்து வைத்துத் தொடங்குங்கள், மற்றவர் தானே தன்னுடையதைச் சொல்வார். அந்நியர்களோடு ஆடும்போது எழுத்துச் சாட்டை அணைத்துவிட்டு, இடத்தைச் சுட்டிக்காட்டும் சமிக்ஞைகளை மட்டும் வைத்துக்கொள்ளலாம். 2019-இல் வந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸில் அந்தச் சமிக்ஞைகள் எவ்வளவு நேர்த்தியாக அமைந்திருந்தன என்றால், ஒரு வார்த்தை பேசாமல் மூன்று அந்நியர்கள் முழு ஆட்டமும் ஒத்துழைக்க முடிந்தது.

குழு நடத்துபவராக இருந்தால், வெல்வதற்கான மாலையையும் கற்பதற்கான மாலையையும் பிரித்து வையுங்கள். இரண்டையும் கலந்தால் ஒவ்வொரு முறையும் புதியவர்தான் பலியாவார். எண்களைப் பொதுவில் ஒட்டாதீர்கள், கேட்பவருக்குத் தனியாகக் காட்டுங்கள். புதியவர் ஒருவரைப் பழையவர் ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். 'யாராவது உதவுங்கள்' என்றால் யாரும் உதவ மாட்டார்கள்.

விளையாட்டுகளை உருவாக்குபவர்களால் இன்னும் நிறைய முடியும். ஓவர்வாட்ச் 2018-இல் ஆட்டம் முடிந்ததும் கூட்டாளியையும் எதிரியையும் பாராட்டி அங்கீகரிக்கும் வழியையும், ஒத்த மனமுள்ளவர்களைத் தேடிச் சேரும் வழியையும் கொண்டுவந்தது, நல்ல தொடக்கம். நான் இன்னும் கேட்பது ஒன்று: இந்த ஆட்டம் பிடித்திருந்தால் இதே பத்துப் பேரோடு இன்னொரு முறை ஆடுவதற்கான பட்டன் ரேங்க் பிரிவிலும் வேண்டும். ஏமாற்றிப் புள்ளி சேர்ப்பார்கள் என்று அஞ்சி அதைத் தவிர்க்கிறார்கள். புள்ளியே இல்லாத மறு ஆட்டமாக அதைக் கொடுக்கலாமே.

ரேங்க் ஆட்டத்தையே விட்டுவிட வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. தனியாகப் போவதைக் குறையுங்கள். தெரிந்த ஒருவர் கூட இருந்தாலே தோல்வியின் கனம் பாதியாகிறது, மற்ற மூவரில் ஒருவர் சிடுசிடுத்தால் பேச்சை மாற்ற ஆள் இருக்கிறது. தனியாகத்தான் ஆட முடியும் என்ற நாளில், தொடர்ந்து இரண்டு தோல்வி வந்தால் மூன்றாவதற்கான பட்டனை அழுத்தாதீர்கள். மூன்றாவது ஆட்டத்தில் உங்கள் கூட்டாளியாக வரப்போகிறவருக்கு உங்களைத் தெரியாது, முந்தைய இரண்டு ஆட்டங்களின் கோபத்தை அவர் தாங்கிக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை.